வீட்டுல ஒருத்தருக்கு டிபின்னா அந்த ஆறு மாசத்த எப்படி கடக்குறது

எங்க மாமாவுக்கு டிபின்னு தெரிஞ்ச அன்னிக்கு அத்த செஞ்ச மொத வேலை, அவரோட தட்டு, கோப்பை, தலகாணி எல்லாத்தயும் தனியா பிரிச்சு அடுப்பாங்கரைக்கு வெளிய ஒரு ஓரமா வெச்சதுதான். யாரும் சொல்லிக் குடுக்கல, தோட்டத்துல லயத்து வீட்டுல இருந்த காலத்துல சயரோகம்னா அப்படித்தான் செய்வாங்களாம். ஆனா அவரு படுத்திருந்த ரூம்பு ஜன்னல் மட்டும் நல்லா சாத்தி துணி வெச்சு அடைச்சிருந்துச்சு, பனி ஆகாதுன்னு. எல்லாமே தலைகீழ். டிபி தட்டுல ஒட்டாது, கோப்பையில ஒட்டாது, இருமும்போது காத்துல வர்ற பொடித்துளியிலதான் வருது, அந்தக் காத்த ரூம்புக்குள்ள பூட்டி வெச்சிட்டு தட்ட வெளிய தள்ளி என்ன புண்ணியம்.

நான் டாக்டரும் இல்ல மிஸ்ஸியும் (நர்ஸ்) இல்ல. மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்து, தோட்டத்த வித்ததுக்கு அப்புறம் டவுன் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வந்த குடும்பம், அவ்ளோதான். மாமா பிள்ளைங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல வேலை செய்றதால ஆறு மாசம் தெனம் காலையில அவருக்கு மாத்திரை குடுத்து முடிச்ச ஆளு நான். இப்ப தாமான்ல யாருக்காவது டிபின்னா என்கிட்ட வந்து கேக்குறாங்க, அதுவும் வாசல்ல நின்னு மெதுவா, ஏதோ திருட்டு விஷயம் மாதிரி. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிடறேன்.

மொதல்ல இருமல் விஷயம். ரப்பர் பால் வெட்டுன ஆளுங்க, செம்பனையில வேலை செஞ்ச ஆளுங்க இருமுனா நம்ம வீட்டுல யாரும் கண்டுக்க மாட்டோம், விடியக்காலை பனி, சுருட்டு, தூசி, மருந்தடிச்ச வாசம்னு காரணம் ரெடியா இருக்கும். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் நிக்கலன்னா காரணம் தேடாதீங்க, கிளினிக்குக்கு கூட்டிட்டு போங்க. சாயங்காலம் லேசா காய்ச்சல், ராத்திரி சட்டை நனையிற அளவு வேர்வை, பசி இல்ல, எடை எறங்குது, சளியில ரத்தம், இதுல ஒண்ணு ரெண்டு சேந்திருந்தா இன்னும் சீக்கிரம். மாமா வீட்டுல எடை மெஷின் எல்லாம் கெடயாது, ஆனா அவரு பெல்ட்டுல ஆணி வெச்சு புதுசா ஓட்டை போட்டாரு, ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு போட்டாரு, அத்த பாத்துக்கிட்டே இருந்தாங்க, வயசானா எளைக்கத்தான் செய்யும்னு விட்டுட்டாங்க. பெல்ட்டுல ரெண்டு ஓட்டை எறங்குனதே ஒரு பெரிய தகவல்.

எங்க போறதுங்கறதும் முக்கியம். நாங்க மொதல்ல ஒரு தனியார் கிளினிக்குக்குதான் போனோம், மூணு தடவ போயி மூணு தடவயும் இருமல் மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் வாங்கிட்டு வந்தோம், ஒரு தடவ கூட சளிய டெஸ்ட் பண்ணலாம்னு அவங்களும் சொல்லல எங்களுக்கும் கேக்கத் தெரியல, ரெண்டு மாசம் போச்சு. அதனால நேரா கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) போங்க, பதிவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), கவுண்டர்லயே "ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், உஜியான் காஹாக் (சளி டெஸ்ட்) செய்யணும்"னு சொல்லிடுங்க. உள்ள போயி டாக்டர் கேக்கட்டும்னு வெயிட் பண்ணாதீங்க. போகும்போது மாஸ்க் போட்டு கூட்டிட்டு போங்க.

சளி குடுக்குறதுல பாதி பேரு தப்பு பண்றாங்க. ஒரு சின்ன மூடி போட்ட டப்பா குடுப்பாங்க, அதுல எச்சில துப்பிட்டு வந்துருவாங்க, நுரை நுரையா வெள்ளையா. எச்சில்ல ஒண்ணும் தெரியாது, அப்புறம் நெகட்டிவ்னு வரும், எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. மாமாவும் மொத நாள் அதத்தான் செஞ்சாரு. ரெண்டாவது நாள் காலையில எழுந்ததும் சாப்பிடறதுக்கு முன்னாடி, வெறும் தண்ணியில வாய் கொப்பளிக்க சொல்லி, வீட்டுக்கு வெளிய வாழை மரத்துக்கிட்ட காத்தோட்டமா நிக்க வெச்சு, மூச்ச நல்லா இழுத்து கொஞ்சம் புடிச்சு விட்டு, மறுபடி இழுத்து, அடி வயித்துலருந்து இருமச் சொன்னேன். அப்பதான் கெட்டியா மஞ்சளா வந்துச்சு. அதுதான் வேணும், டப்பாவுல ஒரு டீஸ்பூன் அளவுக்கு இருந்தா போதும். மூடிய இறுக்கி மூடி, பேர் எழுதி, அன்னிக்கே கொண்டுபோய் குடுங்க. ரூம்புக்குள்ள, பாத்ரூம்ல வெச்சு இருமச் சொல்லாதீங்க, பக்கத்துல நீங்களும் நிக்காதீங்க.

இப்ப ஜீன்எக்ஸ்பர்ட்னு ஒரு மெஷின் இருக்கு, 2010ல உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்கிட்டது, ரெண்டு மணி நேரத்துல கிருமி இருக்கா, ரிஃபாம்பிசின் மருந்து அதுக்கிட்ட எடுபடுமான்னு ரெண்டயும் சொல்லிரும். அதுக்கு முன்னாடி மைக்ராஸ்கோப்புல பாக்கணும், இல்லாட்டி கிருமிய வளத்து பாக்க வாரக்கணக்குல காத்திருக்கணும். கூடவே நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பாங்க.

ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்ததும் சுகாதார ஆபீஸ்லருந்து போன் வரும், வீட்டுல யார் யாரு இருக்கீங்க, எங்க வேலை செய்றாருன்னு கேப்பாங்க. எங்க அத்த போலீஸ் கேஸ் மாதிரி பயந்துட்டாங்க. 1988 தொத்துநோய் சட்டத்துல டிபி வந்தா டாக்டர் கட்டாயம் சுகாதார இலாகாவுக்கு தெரிவிக்கணும், அதனாலதான் அந்த போன், வேற ஒண்ணுமில்ல. வீட்டுல இருக்குற எல்லாரு பேரையும் மறைக்காம சொல்லுங்க, வாராவாரம் வந்து தங்குற பேரப்புள்ள பேரையும் சேத்து. எல்லாருக்கும் எக்ஸ்ரே, கையில தோல் ஊசி போட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு வீக்கத்த அளப்பாங்க. அஞ்சு வயசுக்கு கொறஞ்ச பிள்ளைங்கதான் ரொம்ப முக்கியம், அவங்களுக்கு வந்தா மூளைக்கே போயிரலாம். பொறந்ததும் போட்ட பிசிஜி ஊசி அந்த மாதிரி மோசமான டிபியிலருந்து சின்ன பிள்ளைங்கள காப்பாத்தும், ஆனா பெரியவங்க நுரையீரல்ல வர்றத அவ்வளவா தடுக்காது, அதனால "எனக்குதான் கையில தழும்பு இருக்கே"ன்னு நெஞ்ச நிமித்தாதீங்க. கிருமி உள்ள போயி தூங்கிட்டு இருக்குறவங்களுக்கு நோய் வராம தடுக்கவும் மாத்திரை இருக்கு, வாரத்துக்கு ஒரு தடவன்னு பன்னெண்டு வாரத்துல முடியிற மாதிரி கூட இப்ப வந்திருக்கு. உடம்புக்கு ஒண்ணுமில்லயே நான் ஏன் மாத்திரை சாப்பிடணும்னு எங்க சின்ன அத்த மவன் சண்ட போட்டான். உலகத்துல ஏறக்கொறைய நாலுல ஒருத்தர் உடம்புல இந்த கிருமி நொழஞ்சிருக்கு, அதுல நூத்துக்கு அஞ்சுலருந்து பத்து பேருக்குதான் வாழ்நாள்ல நோயா மாறும், ஆனா வீட்டுலயே நோயாளி இருந்தா, இனிப்பு நீர் (சக்கரை வியாதி) இருந்தா, அந்த கணக்கு நமக்கு சாதகமா இல்லடான்னு சொன்னேன், முழுங்குனான்.

இப்ப மெயின் மேட்டர், மாத்திரை. மொத ரெண்டு மாசம் நாலு மருந்து, ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால், நாலும் ஒரே மாத்திரையில கலந்து வரும், எடைய பொறுத்து எத்தனன்னு சொல்வாங்க. அப்புறம் நாலு மாசம் மொத ரெண்டு மருந்து மட்டும். வெறும் வயித்துல காலையில குடுத்தா நல்லது. ஏன் நாலு மருந்துன்னா, 1940கள்ல ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபுடிச்சப்ப அத மட்டும் தனியா குடுத்தாங்க, ஜனங்க மடமடன்னு தேறுனாங்க, சில மாசத்துல நெறய பேரு திரும்ப படுத்துட்டாங்க, கிருமி அந்த ஒரு மருந்த தாங்கப் பழகிருச்சு. நாலு பக்கமும் அடிச்சாதான் அது பழகாது. நடுவுல விட்டு விட்டு சாப்பிட்டாலும் அதே கததான், பழகுன கிருமி மிஞ்சி நிக்கும், அப்புறம் வர்றது மருந்துக்கு அடங்காத டிபி, அதுக்கு வைத்தியமும் கஷ்டம், அது மத்தவங்களுக்கும் அப்படியே தொத்தும்.

அதனாலதான் யாராவது பாத்துக்கிட்டு இருக்க முழுங்கணும்ங்கற ஏற்பாடு, டாட்ஸ்னு சொல்வாங்க. 1993ல உலக சுகாதார நிறுவனம் டிபிய உலக அவசரநிலைன்னு அறிவிச்சுட்டு அடுத்த ரெண்டு வருஷத்துல உலகம் பூரா இத கொண்டு போனாங்க. பலருக்கு தெரியாத ஒண்ணு என்னன்னா, இதோட வேரு நம்ம ஊர்க்காரங்க கிட்டதான் இருக்கு. அப்பல்லாம் டிபின்னா சானடோரியத்துல கொண்டுபோய் வருஷக்கணக்குல படுக்க வெக்கணும், நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வுன்னு. 1956ல மெட்ராஸ்ல ஒரு ஆராய்ச்சி நிலையம் தொறந்து, ஏழை நோயாளிங்கள ரெண்டா பிரிச்சு, பாதிப் பேர சானடோரியத்துல வெச்சும் பாதிப் பேர அவங்கவங்க நெரிசலான வீட்டுலயே வெச்சும் ஒரே மருந்த ஒரு வருஷம் குடுத்து பாத்தாங்க, வாலஸ் ஃபாக்ஸ்னு ஒரு டாக்டர் முன்ன நின்னு செஞ்சது. 1959ல முடிவு வெளியாச்சு, வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறியிருந்தாங்க, அரைவயித்து சாப்பாட்டோட வேலைக்கும் போய்க்கிட்டு. இன்னும் பெருசு, வீட்டுல கூட இருந்தவங்களுக்கு அதனால அதிகமா தொத்தவும் இல்ல, ஏன்னா தொத்துனதெல்லாம் மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தொத்தி முடிஞ்சிருக்கு. அதுக்கப்புறம்தான் உலகம் பூரா சானடோரியத்த மூட ஆரம்பிச்சாங்க. நம்ம மலேசியாவுலயும் 1961ல தேசிய டிபி கட்டுப்பாட்டு திட்டம் வந்துச்சு. அத்த கிட்ட இந்த மெட்ராஸ் கதைய சொன்னப்பதான் தட்டு உள்ள வந்துச்சு.

மருந்து ஆரம்பிச்சு ரெண்டு வாரம் போல ஆனா சாதாரண டிபியில தொத்துற வேகம் நல்லா எறங்கிரும். அதுவரைக்கும் மாஸ்க், தனி ரூம்பு, ஜன்னல் தொறந்தே இருக்கட்டும், முடிஞ்சா பகல்ல வெயில் படுற எடத்துல உக்கார வைங்க. தட்டு சோப்பு போட்டு கழுவுனா போதும்.

பாத்து முழுங்க வெக்கிறது கேக்க லேசா இருக்கும், செஞ்சு பாத்தாதான் தெரியும். மொத ரெண்டு மாசம் தெனமும் கிளினிக்குக்கே போயி மிஸ்ஸி முன்னாடி முழுங்கணும்னாங்க, நான் மோட்டர்ல (பைக்குல) கூட்டிட்டு போனேன். அப்புறம் வீட்டுல ஒருத்தர் பொறுப்பெடுத்தா சரின்னு என் பேர கார்டுல எழுதிக்கிட்டாங்க (எடத்துக்கு எடம் ஏற்பாடு மாறும், நீங்க உங்க கிளினிக்ல கேட்டுக்கோங்க). மணி ஒண்ணே வைங்க, எங்களுது காலை ஆறே கால். அவரு தேத்தண்ணி குடிக்கிறதுக்கு முன்னாடி. மாத்திரைய கையில குடுத்துட்டு அந்தாண்ட போகாதீங்க, வாயில போட்டு தண்ணி குடிச்சு, நாலு வார்த்தை பேசுறவரைக்கும் நில்லுங்க. பேசச் சொன்னா கன்னத்துல அடக்கி வெக்க முடியாது, இது அந்த மிஸ்ஸி சொல்லிக் குடுத்த தந்திரம். மாமா தெனமும் "என்ன மிஸ்ஸி, டியூட்டிக்கு வந்தாச்சா"ம்பாரு, அந்த ஒரு வாக்கியம் போதும் எனக்கு, முழுங்கிட்டாருன்னு அர்த்தம். சாமி படத்துக்கு பக்கத்துல தொங்குற காலண்டர்ல ஒரு கோடு. ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மறுநாள் ரெண்டு மடங்கா குடுக்காதீங்க, கிளினிக்குக்கு சொல்லுங்க, திட்ட மாட்டாங்க.

கண்டம் மூணாவது மாசம். அப்ப இருமல் இல்ல, சோறு எறங்குது, பெல்ட்டு பழைய ஓட்டைக்கு வந்துருச்சு, மனுஷன் "எனக்குதான் நல்லாயிருச்சே"ன்னு ஆரம்பிப்பாரு. பெரும்பாலும் மருந்த விடறது இந்த நேரத்துலதான், நோய் ஜாஸ்தியாகி இல்ல, நல்லாயிருச்சேன்னு. மாமா ஒரு நாள் சொல்லாம கொள்ளாம விடியக்காலை செம்பனை வேலைக்கு கெளம்பிட்டாரு, நான் மாத்திரைய பையில போட்டுக்கிட்டு மோட்டர்ல போயி லாரி பக்கத்துல நின்னு குடுத்தேன், கூட இருந்த ஆளுங்க முன்னாடி. கோவம்னா கோவம், ரெண்டு நாள் பேசல. ஆனா முழுங்குனாரு. இந்த மாசத்துல நல்ல வார்த்த, கெட்ட வார்த்த, பேரப்புள்ளய வீடியோ கால்ல பேச வெக்கிறது எதுவா இருந்தாலும் செய்ங்க.

பக்க வெளைவு பத்தி முன்னாடியே சொல்லி வெக்கலன்னா அதுக்கே பயந்து நிறுத்திருவாங்க. மொத நாளே ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், ரிஃபாம்பிசின் வேலை, ரத்தம் இல்ல, கண்ணீர் வேர்வை கூட கலர் மாறும், ஒண்ணும் செய்யாது. மாமா பாத்ரூம்லருந்து கத்துன சத்தம் எதிர்வீட்டுக்கே கேட்டுச்சு. ஆனா கீழ சொல்றதுக்கெல்லாம் உடனே ஓடணும்: கண்ணு மஞ்சளாகுறது, ஒண்ணுக்கு டீ தண்ணி மாதிரி கருக்குறது, விடாம வாந்தி, வயித்துல வலது பக்கம் வலி, இதெல்லாம் கல்லீரல். எத்தாம்பியூட்டால் கண்ணுல படும், செவப்பும் பச்சையும் கொழம்பும், நான் வாரத்துக்கு ஒரு தடவ அத்தையோட பொடவைய காட்டி இது என்ன கலருன்னு கேப்பேன். பாதம் மரத்துப்போனா ஐசோனியாசிட், அதுக்கு பி6 விட்டமின் குடுப்பாங்க. மூட்டு வலிக்கு பைராசினமைட். எதுவா இருந்தாலும் நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க, போயி கேளுங்க, கல்லீரல்னா அவங்களே நிறுத்தி வேற வழி பாப்பாங்க.

சம்சு, அதான் மலிவு சாராயம். இதப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, நான் பேசுறேன். நாலுல மூணு மருந்து கல்லீரலத்தான் அரிக்கும், அதுக்கு மேல சம்சு ஊத்துனா என்ன ஆகும்னு சொல்லணுமா. மாமா சாயங்காலம் ஒரு பாட்டில் போடுற ஆளு. மொத தடவயே டாக்டர்கிட்ட உண்மைய சொல்லிட்டேன், அவரு மொறச்சாரு, ஆனா டாக்டர் ரத்த டெஸ்ட் அடிக்கடி எடுத்தாங்க. நாட்டு மருந்து, லேகியம் எதாவது சாப்பிட்டா அதயும் சொல்லணும். பொம்பளைங்களுக்கு ஒண்ணு, ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது குடும்பக்கட்டுப்பாடு மாத்திரை வேலை செய்யாம போகலாம், வேற வழி கேட்டுக்கோங்க. இனிப்பு நீர் மாத்திரையும் வேலை கொறையும், சக்கரை ஏறும், அதனால ரெண்டு டாக்டருக்கும் ரெண்டு மருந்தயும் காட்டுங்க.

சாப்பாடுன்னதும் எல்லாரும் ஹார்லிக்ஸ், டின் பவுடர்னு காசு செலவு பண்ணுவாங்க. முட்டை, பருப்பு, நெத்திலி, கீரை போதும். சாப்பாடு சும்மா ஆறுதலுக்கு இல்ல, 2023ல இந்தியாவுல ஜார்கண்ட்ல செஞ்ச ஆராய்ச்சி ஒண்ணு வெளிவந்துச்சு, டிபி நோயாளி வீட்டுல இருக்குறவங்களுக்கு அரிசி பருப்புன்னு கூடுதலா குடுத்ததுலயே அவங்களுக்கு டிபி வர்றது 39 சதவீதம் கொறஞ்சிருக்கு. அதனால நோயாளிக்கு மட்டும் முட்டை போட்டுட்டு பிள்ளைங்களுக்கு வெறும் ரசம் ஊத்தாதீங்க.

அக்கம்பக்கம் ஒரு தொல்லை. மறைச்சாலும் தெரியும், தாமான்ல எது மறையுது. நான் நேரடியா சொல்லிட்டேன், மருந்து சாப்பிடறாரு, இப்ப தொத்தாது, உங்க வீட்டுல யாராவது இருமுனா நீங்களும் போய் பாத்துக்கோங்கன்னு. ரெண்டு வீடு கொஞ்ச நாள் ஒதுங்குச்சு. ஒருத்தங்க "எல்லாம் அந்த வெளிநாட்டு வேலைக்காரங்களால வந்தது"ன்னு ஆரம்பிச்சாங்க. அவங்க வந்ததும் ஃபோமேமாவுல (வெளிநாட்டு வேலைக்காரங்களுக்கான மருத்துவ பரிசோதனை) எக்ஸ்ரே எடுத்து பாக்குறாங்க, அதுக்கப்புறம் ஒரு கொட்டாயில இருவது பேர அடைச்சு வெச்சா யாருக்குதான் வராது, அதுவும் நோய்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயந்து இருமல மறைக்கிறாங்க. நம்ம தாத்தா பாட்டி கப்பல்ல வந்து லயத்துல ஒரே ரூம்புல எட்டு பேரா படுத்தப்பவும் இதே கததான.

உலகக் கணக்கயும் ஒரு வரி சொல்லிடறேன். 2023ல மட்டும் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு புதுசா வந்துச்சு, 12 லட்சத்து 50 ஆயிரம் பேரு செத்தாங்க, நோய் வந்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு இந்தியா, இந்தோனேசியா, சீனா, பிலிப்பைன்ஸ் மாதிரி எட்டே நாட்டுல. நம்ம நாட்டுலயும் வருஷத்துக்கு 25 ஆயிரத்துக்கு மேல. 2015ல இருந்தத விட சாவ 90 சதவீதம் 2030க்குள்ள கொறைக்கணும்னு திட்டம், அந்த வேகத்துல போகல. ஆனா 2000லருந்து 2023 வரைக்கும் வைத்தியத்தால பொழச்சவங்க 7 கோடியே 90 லட்சம் பேருன்னு கணக்கு, அத்தனை பேருக்கும் யாரோ ஒருத்தர் பக்கத்துல நின்னு தண்ணி குடுத்திருக்காங்கன்னு நான் நெனச்சுக்குவேன், ஆறே கால் மணிக்கு தூக்கம் வரும்போது.

ரெண்டாவது மாசக் கடைசியிலயும் மருந்து முடியும்போதும் மறுபடி சளி டெஸ்ட் இருக்கும், அத விடாதீங்க. முடிஞ்சதும் டாக்டர் சொல்ற தேதிக்கு எக்ஸ்ரேக்கு போங்க. நுரையீரல்ல பழைய தழும்பு அப்படியே தெரியும், பின்னாடி வேற எங்கயாவது எக்ஸ்ரே எடுத்தா புது டாக்டர் பயந்துருவாரு, அதனால டிபி கார்டு, பழைய ரிப்போர்ட் எல்லாம் பத்திரமா வைங்க, திரும்ப ரெண்டு வாரம் இருமுனா அதயும் எடுத்துக்கிட்டு போங்க. மாமாவோடத அத்த அரிசி டின்னுக்கு மேல, சூராட் பெரானாக்கும் (பொறப்பு பத்திரம்) வீட்டு கிராண்டும் (வீட்டுப் பத்திரம்) இருக்குற அதே பிளாஸ்டிக் பையில வெச்சிருக்காங்க.